கால் இன்ச் ட்ரிம்மர் வச்சு ராக்கிங் சேருக்கு வளைவு வெட்டலாமா? ஜிக் வீட்டிலேயே பண்ணலாமா?

குடியாத்தத்திலேர்ந்து கேட்ட தம்பிக்கு. உங்க கேள்விய நான் புரிஞ்சிகினது இதுதான், தப்பா இருந்தா சொல்லுங்க. பாட்டி வீட்டை இடிச்சப்போ எடுத்த பழைய தேக்கு பலகை கைவசம் இருக்கு, கால் இன்ச் கோலெட் ட்ரிம்மர் ஒண்ணு (பிட்டைச் சுழற்றி மரத்தைச் சீவற கைமிஷின், ரவுட்டர்ல சின்னது; கோலெட்னா பிட்டைக் கவ்வற வாய்) வாங்கியிருக்கீங்க, அம்மாவுக்கு ஒரு ராக்கிங் சேர், வீட்டுக்கு ஒரு நாலடி வட்ட மேசை ரெண்டும் பண்ணணும், அதுக்கு ஜிக்கை, அதாவது மிஷினை வளைவோட கோட்டுல வழி நடத்தற சாதனத்தை, வீட்டிலேயே ப்ளைவுட்ல பண்ணிக்கலாமா இல்ல வேலூர்ல சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டற மிஷின்) கடையில குடுத்து வெட்டி வாங்கிடறது மேலா. மேலோட்டமா பாத்தா இது ஜிக் பத்தின கேள்வி. ஆனா கடைசியா ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "வெட்டினப்புறம் உடையாம இருக்குமா"ன்னு, அதுதான் நெசமான கேள்வி. அதுக்கு பதில் ஜிக்ல இல்ல, மரத்துல இருக்கு. அதனால மரத்திலேர்ந்து ஆரம்பிச்சு ஜிக்குக்கு அப்புறம் வரேன்.

எந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கலாம்னு நீங்க முடிவு பண்ண, நான் யாருன்னு சொல்லிடறேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபவுண்டரியில பேட்டர்ன் ஷாப்ல தொழில் கத்துகினவன். இரும்பு வார்க்கறதுக்கு மணல்ல அச்சு எடுக்கணும்ல, அந்த அச்சுக்காக அதே உருவத்தை முதல்ல மரத்துல பண்ணுவோம், அதுதான் பேட்டர்ன். பம்பு பாடி, புல்லி, வால்வு எல்லாமே வளைவுதான், நேரா ஒரு பக்கம் கிடைச்சா அதிசயம். நாற்காலி மேசை எல்லாம் அப்புறமா வீட்டுக்குன்னு பண்ண ஆரம்பிச்சது. ஆவி காட்டி மரத்தை வளைக்கறது நான் பண்ணதில்ல, அதனால அதைப் பத்தி பேச மாட்டேன். வெட்டி எடுக்கற வளைவு, ஒட்டி எடுக்கற வளைவு, இது ரெண்டும்தான் என் சரக்கு.

மரம்னா நார்க்கட்டு. நார் நீளவாக்குல ஓடினா ஒரு இன்ச் கனத்து சட்டம் கூட ஆளைத் தாங்கும், அதே நார் குறுக்க ஓடுச்சுன்னா ரெண்டு இன்ச் கனமா இருந்தாலும் ஒரு தட்டுல பொளந்துக்கும். நேர் பலகையில வளைவை வரைஞ்சு வெட்டினா நடுப்பகுதியில நார் வளைவோடவே போகும், முனைப்பக்கம் போகப்போக நார் விளிம்பைத் தாண்டி வெளிய ஓடிடும், உடையறது அங்கதான். இது நம்ம பக்கத்து ஆசாரிங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கலப்பைக்கு நேர் மரத்தை வளைவா வெட்ட மாட்டாங்க, தானாவே வளைஞ்ச கருவேலக் கிளையா தேடி அலைவாங்க, ஏன்னா அதுல நாரும் கூடவே வளைஞ்சிருக்கும். மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்க, வெளி வட்டம் ஒரே துண்டு இல்ல, சின்ன சின்ன வட்டையா வெட்டி ஒவ்வொரு வட்டையிலயும் ரெண்டு ஆரக்கால் இறக்கி, மேல இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டி இறுக்கியிருப்பாங்க. வட்டை சின்னதா இருக்கறதால நார் ரொம்ப குறுக்க ஓட வழியே இல்ல. பேட்டர்ன் ஷாப்லயும் பெரிய வளையம்னா இப்படித்தான், சின்ன துண்டா வெட்டி, செங்கல் சுவர் மாதிரி ஒரு வரிசை மூட்டு மேல அடுத்த வரிசை மூட்டு வராம மாத்தி மாத்தி ஒட்டி, அப்புறம்தான் வட்டமா கடைவோம்.

இப்ப உங்க ராக்கருக்கு வருவோம், அதாவது சேருக்கு அடியில தரையில ஆடற அந்த ரெண்டு வளைஞ்ச கட்டை. அதோட அடி வளைவு பொதுவா 36 இன்ச்லேர்ந்து 48 இன்ச் ஆரத்துக்குள்ள வைப்பாங்க, நான் 42 வைப்பேன். ஆரம் சின்னதானா மெதுவா, நெறைய சாய்ஞ்சு ஆடும், பெருசானா கம்மியா சாய்ஞ்சு படபடன்னு ஆடும். உக்காந்திருக்கறவங்க எடை எல்லாம் சேர்ந்து எந்த உயரத்துல நிக்குதோ, அது வளைவோட மையத்துக்குக் கீழ இருக்கணும், இல்லன்னா சேர் திரும்பி வராம கவிழும், 42 இன்ச்ல அந்த பயம் கிடையாது. முனைக்கு முனை 34 இன்ச் நீளம் வச்சீங்கன்னா நடுப்பகுதிக்கும் முனைக்கும் உயர வித்தியாசம் 3.6 இன்ச் வரும். ராக்கர் கட்டையோட அகலம் ரெண்டரை இன்ச்னா, ஒரே பலகையில வெட்டி எடுக்க 6 இன்ச் அகலப் பலகை வேணும், அப்பவும் முனையில நார் 24 டிகிரி சாய்வா ஓடும். 24 டிகிரி உடனே உடையற அளவு இல்ல, ஆனா வயசானவங்க தினம் தொம்முன்னு உக்கார்ற சேருக்கு நான் அதை நம்பி விட மாட்டேன். கைப்பிடி, முதுகுப்பக்க மேல்சட்டம், லேசா வளைஞ்ச பின்கால் இதெல்லாம் தாராளமா வெட்டியே எடுக்கலாம், அதுல வளைவு கம்மி. ராக்கர் மட்டும் ஒட்டி எடுங்க.

ஒட்டி எடுக்கறதுன்னா, தேக்கை ரெண்டு நூல் கனத்துல பட்டையா அறுத்து (நூல் கணக்கு தெரியாதவங்களுக்கு, இன்ச்ல எட்டுல ஒரு பங்கு), 6 பட்டையை அடுக்கி பசை போட்டு ஒரு ஃபார்ம் (அதே வளைவுல வெட்டின அச்சுக்கட்டை) மேல வளைச்சு க்ளாம்ப் போட்டு இறுக்கறது. 6 பட்டை சேர்ந்தா ஒண்ணரை இன்ச் கனம், இதுல நார் முழுக்க வளைவோட ஓடறதால இந்த கனமே போதும். இந்த ஆரத்துக்கு ரெண்டு நூல் பட்டை காய்ஞ்சபடியே வளையும், தண்ணியில ஊற வைக்கத் தேவையில்ல, ஆனா பட்டையில கணுவோ சாய்ஞ்ச நாரோ இருந்தா வளைக்கும்போதே டப்புன்னு போயிடும், அந்த பட்டையை ஒதுக்கிடுங்க. க்ளாம்பை எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். எவ்ளோ நிமிரும்னா பட்டை எண்ணிக்கையை அதாலயே பெருக்கி வர்றதுல ஒரு பங்கு, 6 பட்டைன்னா 36-ல ஒரு பங்கு, உங்க 3.6 இன்ச்ல அது ஒரு நூலுக்கும் கம்மி. இது கணக்கு, கையில வர்றது பசையைப் பொறுத்து முன்ன பின்ன இருக்கும். ரெண்டு ராக்கரையும் ஒரே ஃபார்ம்ல போட்டா ரெண்டும் ஒரே மாதிரி நிமிரும், அது போதும். பட்டையை 2 இன்ச் அகலத்துக்கு அறுங்க, பசை வழிஞ்ச ஓரத்தை இழைச்சு ஒண்ணரைக்குக் கொண்டு வரலாம்.

ஃபார்ம் பண்ணத்தான் ஜிக் வேணும், அதுதான் நீங்க கேட்டது. ஆமா, வீட்டிலேயே பண்ணலாம், காசு குடுத்து வாங்கற ஜிக்கை விட இந்த வேலைக்கு இதுதான் சௌகரியம். 12 எம்எம் ப்ளைவுட்ல 4 இன்ச் அகலம், 4 அடிக்கு மேல நீளமா ஒரு பட்டை வெட்டிக்குங்க. ட்ரிம்மரோட அடித்தட்டை கழட்டி அதையே மேல வச்சு ஸ்க்ரூ ஓட்டையை குறிச்சு துளை போட்டு, அடித்தட்டுக்குப் பதிலா இந்த பட்டையையே மாட்டுங்க. ப்ளைவுட் கனத்துக்கு பழைய ஸ்க்ரூ எட்டாது, ஸ்க்ரூ தலை உள்ள போற மாதிரி பெரிய பிட்டால குழி எடுங்க, இல்லன்னா அந்த இடத்துல மட்டும் 6 எம்எம் ஹைலம் ஷீட் (பிசின் ஏத்தி அழுத்தின கெட்டித் தகடு) போட்டு பட்டையோட சேர்த்துக்குங்க, நான் ஹைலம்தான் போடுவேன், வளையாது. பிட் போற ஓட்டை போட்டதும், இன்னொரு முனையில மைய ஆணிக்கு துளை. ஆரத்தை அளக்கும்போது பிட்டோட நடுவுலேர்ந்து அளக்காதீங்க. உள்பக்கத் துண்டு உங்களுக்கு வேணும்னா மையத்துக்குப் பக்கத்துல இருக்கற பிட் விளிம்பு வரைக்கும், வெளிப்பக்கத் துண்டு வேணும்னா தள்ளி இருக்கற விளிம்பு வரைக்கும். ராக்கரோட அடி 42 இன்ச், கட்டை ஒண்ணரை, அதனால பட்டைங்க படுக்கற ஃபார்மோட வளைவு 40.5 இன்ச். மைய ஆணி இருக்கற இடமும் பலகை இருக்கற இடமும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஆணிக்கு கீழ அதே கனத்துல ஒரு துண்டு வையுங்க, இல்லன்னா பிட் சாய்ஞ்சு வெட்டும். ஆணி துளையில லொடலொடன்னு ஆடினா அந்த ஆட்டம் அப்படியே வளைவுல தெரியும், அதனால ஆணிக்குப் பதிலா போல்ட் போட்டு துளையை இறுக்கமா வச்சிக்குங்க. 18 எம்எம் எம்டிஎஃப்ல (மரத்தூளை அழுத்தின பலகை) ஒரு துண்டு இப்படி வெட்டிட்டா, மத்த ரெண்டு துண்டை அதைப் பாத்து பேரிங் பிட்டால (பிட்டோட சேர்ந்த சின்ன உருளை மாதிரித் துண்டோட விளிம்புல ஓடும், பிட் அதே வடிவத்துல வெட்டும்) வெட்டி மூணையும் ஒட்டினா ஃபார்ம் ரெடி. மேல பேக்கிங் டேப் ஒட்டுங்க, இல்லன்னா ராக்கரோட ஃபார்மும் சேர்ந்து உங்க வீட்டு ஃபர்னிச்சர் ஆயிடும்.

எல்லா வளைவும் வட்டத்துல ஒரு பகுதியா இருக்காது. மேல்சட்டம் மாதிரி வட்டத்துல ஒரு பகுதியா இருந்தா ஆரம் கண்டுபிடிக்கறது சுலபம்: முனைக்கு முனை நேர்த்தூரத்தை அதாலயே பெருக்கி, நடு உயரத்தோட 8 மடங்கால வகுத்து, கூட நடு உயரத்துல பாதியைச் சேத்துக்குங்க. 18 இன்ச் அகலம், நடுவுல ஒண்ணரை இன்ச் குழிவுன்னா 27.75 இன்ச் ஆரம். கைப்பிடி, பின்கால் மாதிரி இஷ்டத்துக்கு ஓடற வளைவுக்கு இந்த ஜிக் உதவாது. எம்டிஎஃப் மேல மூணு நாலு ஆணி அடிச்சு, கணு இல்லாத மெல்லிசு மரச்சிம்பை அதுல வளைச்சு கோடு இழுங்க, ஜிக்சால கோட்டுக்கு வெளிய வெட்டி, வளையற பட்டையில உப்புத்தாள் ஒட்டி நீளமா தேய்ச்சுக் கோட்டுக்குக் கொண்டு வாங்க. இந்த டெம்ப்ளேட்ல, அதாவது பாத்து வெட்டறதுக்கான இந்த மாதிரித் துண்டுல, தேய்க்கற நேரத்தை மட்டும் குறைக்காதீங்க. பேரிங் கண்ணு இல்லாத சாமான், டெம்ப்ளேட்ல ஒரு மேடு பள்ளம் இருந்தா நாலு காலுலயும் அதையே பண்ணி வைக்கும். கண்ணை மூடிகினு விரலை ஓட்டிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

ட்ரிம்மர்ல முடியுமான்னு கேட்டீங்க. முடியும், ஆனா அதை அறுக்கற மிஷினா நெனைக்கக் கூடாது, சீவற மிஷினா நெனைக்கணும். முதல்ல ஜிக்சாவோ பேண்ட்சாவோ வச்சு கோட்டுக்கு வெளிய முக்கால் நூல் விட்டு அறுத்துடுங்க, அந்த மிச்சத்தை மட்டும் ட்ரிம்மர் எடுக்கட்டும். கால் இன்ச் ஷாங்க் (கோலெட்டுக்குள்ள போற தண்டு) பிட் வெட்டற நீளம் பொதுவா ஒரு இன்ச் சொச்சம்தான். ஒண்ணரை இன்ச் கனக் கட்டைக்கு மேல பேரிங் இருக்கற பிட்டால டெம்ப்ளேட்டைப் பாத்து பாதி ஆழம் எடுத்துட்டு, கட்டையைத் திருப்பிப் போட்டு நுனியில பேரிங் இருக்கற பிட்டால, ஏற்கனவே வெட்டின பரப்புல பேரிங்கை ஓட விட்டு மீதியை எடுங்க. கையில ட்ரிம்மரைப் பிடிச்சு கட்டையோட வெளி விளிம்பைச் சுத்தும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா போங்க, உள் ஓட்டையைச் சுத்தும்போது கடிகார முள்ளு போற பக்கமா. மாத்திப் போனா பிட் மரத்தைக் கவ்விகினு கையைப் பிடுங்கிகினு ஓடும். ட்ரிம்மரை கவுத்து டேபிள்ல மாட்டினா இந்த திசை எல்லாம் தலைகீழ். அப்போ பிட் பக்கத்துல ஒரு முளை அடிச்சு, கட்டையை அதுல அணைச்சுதான் மெல்ல பிட்டுக்குள்ள விடணும், முளை இல்லாம வளைஞ்ச கட்டையை நேரா பிட்ல காட்டறது விரலுக்கு ஆபத்து.

இன்னொண்ணு, இதை பல பேர் சொல்றதில்ல. குவிஞ்ச வளைவுல மேட்டுலேர்ந்து முனைப் பக்கமா இறங்கி வெட்டினா நார் படிஞ்சு சுத்தமா வரும், முனையிலேர்ந்து மேட்டுக்கு ஏறினா நாரைக் கிளப்பி பிச்சுடும். குழிஞ்ச வளைவுலயும் அதே மாதிரிதான், முனையிலேர்ந்து நடுப்பள்ளத்துக்கு இறங்கி வரணும். ஆனா ரவுட்டர் ஒரே திசையில போகணும்னு இப்பதான் சொன்னேன், அப்ப பாதி வளைவு எப்பவும் ஏத்தமா அமையுமே? அதுக்குத்தான் மேலயும் கீழயும் பேரிங் இருக்கற பிட், பாதி வெட்டிட்டு கட்டையைத் திருப்பிப் போட்டு மீதி பாதியை அந்தப் பக்கத்திலேர்ந்து வெட்டலாம். அந்த பிட் கிடைக்கலன்னா ஏத்தப் பகுதியில மயிரிழை மயிரிழையா எடுங்க, இல்ல ரவுட்டரை நிறுத்திட்டு அந்த இடத்தை அரத்தாலயும் உப்புத்தாளாலயும் முடிச்சிடுங்க, அதுல ஒண்ணும் மானக்கேடு இல்ல.

பழைய தேக்குன்னா முதல் வேலை ஆணி பொறுக்கறது. தலை துருப்பிடிச்சு உள்ள போன ஆணி வெளிய தெரியாது, மரத்துல கருப்பா கறை மட்டும் இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூல்ல கட்டி பலகை மேல மெதுவா ஓட்டுங்க, இழுத்தா அங்க ஆணி. ஓடற கார்பைட் பிட்ல (ரொம்ப கெட்டியான முனை வச்சது) ஆணி பட்டா பிட்டு போச்சு, துண்டு தெறிச்சா கண்ணு போச்சு, கண்ணாடி போடாம ட்ரிம்மரை ஆன் பண்ணவே பண்ணாதீங்க. தேக்குல சிலிக்கா இருக்கு, அதனால எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட் சீக்கிரம் மழுங்கிடும், கார்பைட் முனை வச்சதுதான் வாங்கணும். தூசிக்கு நல்ல மாஸ்க், துணி கட்டறது பத்தாது.

வட்ட மேசை இதோட ஒப்பிட்டா சுலபம். மேல்பலகையைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கத்துல மைய ஆணி அடிங்க, மேல ஓட்டை தெரியாது. அதே ஜிக்ல 24 இன்ச் ஆரம் வச்சு ரெண்டு நூல் ஆழத்துக்கு மட்டும் வட்டமா காடி எடுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு நூல் ஆழத்துக்கு மேல வேணாம். அப்புறம் ஜிக்சால அந்தக் காடிக்குள்ளயே, வெளி ஓரத்தை ஒட்டி அறுத்துட்டு, காடியோட உள்சுவர்ல பேரிங்கை ஓட விட்டு மீதியை சீவிடுங்க. கவனிக்க வேண்டியது வெட்டறது இல்ல, மாட்டறது. நம்ம ஊர்ல மே மாசம் 40 டிகிரியைத் தாண்டி காஞ்சு கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில மழை ஈரம், நாலடி அகலத் தேக்குப் பலகை நாருக்குக் குறுக்க சுருங்கறதும் விரியறதும் நிச்சயம் நடக்கும், அளந்து பாத்தா வட்டம் கொஞ்சம் முட்டை வடிவமா கூட மாறியிருக்கும். அடிச் சட்டத்துல ஸ்க்ரூ துளையை பலகை நாருக்குக் குறுக்க நீட்டி விடுங்க, பலகை நகர இடம் இருக்கணும். இறுக்கி அடிச்சா பொளக்கும்.

சிஎன்சி கடை பத்தி. தேக்கையே கொண்டு போய் குடுக்காதீங்க, ஆணி இருக்கற பழைய மரம்னா நெறைய பேர் வாங்கவும் மாட்டாங்க. நாலு கால் ஒரே மாதிரி வேணும்னா எம்டிஎஃப் டெம்ப்ளேட்டை மட்டும் அவங்ககிட்ட வெட்டி வாங்குங்க, அது செலவு செஞ்சதுக்கு ஞாயமா இருக்கும். ஒரே ஒரு சேருக்கு அதுவும் வேணாம்னுதான் நான் சொல்வேன்.

பசை விஷயத்துல நிச்சயமா சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வெள்ளைப் பசை தொடர்ந்து இழுப்புல இருந்தா மெதுவா நழுவும், அது நிச்சயம். அதனால வளைச்சு ஒட்டறதுக்கு யூரியா ஃபார்மால்டிஹைட் பவுடர் பசையோ எபாக்ஸியோ மேல். ஆனா உங்க ராக்கர் மாதிரி லேசான வளைவுல அந்த நழுவல் கண்ணுல படற அளவுக்கு இருக்குமாங்கறது சந்தேகம்தான், வெள்ளைப் பசையிலயே பண்ணி நல்லா இருக்கற ராக்கரும் பாத்திருக்கேன். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம், ஒட்டறதுக்கு முன்னாடி தின்னரால துடைக்கணும்னு ஒரு கட்சி, தேவையில்லன்னு ஒரு கட்சி, எனக்கு ரெண்டுலயும் பெரிய வித்தியாசம் தெரியல. இழைச்ச அன்னிக்கே ஒட்டறதுதான் வித்தியாசம் பண்ணுது, பழைய மரத்தோட மேல்தோலை இழைக்காம ஒட்டினா எந்தப் பசையும் நிக்காது. அக்னி நட்சத்திர சமயத்துல ஒட்டறதா இருந்தா விடியகாலையில ஒட்டுங்க, மத்தியானம்னா ஆறாவது பட்டைக்குப் பசை தடவறதுக்குள்ள முதல் பட்டையில காய்ஞ்சிடும். பசை இல்லாம ஒரு தடவை க்ளாம்ப் போட்டு ஒத்திகை பாத்துட்டு, நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் 3, 4 இன்ச்சுக்கு ஒரு க்ளாம்ப், ஒரு முழு நாள் தொடக் கூடாது.

சேர்ல மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு ராக்கரையும் ஒண்ணா க்ளாம்ப் போட்டு அடிப்பக்கத்தை சேத்து தேய்ங்க. மாட்டினதும் வழுவழுன்னு இருக்கற தரையில ஆட்டிப் பாருங்க, ஆட ஆட சேர் ஒரு பக்கமா நகர்ந்துகினே போச்சுன்னா ரெண்டும் இணையா இல்லைன்னு அர்த்தம், ஒட்டறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடணும். இப்ப நீங்க பண்ண வேண்டியது, இருக்கற பலகையில நீளமானது எத்தனை அடி, கனம் எவ்ளோ, கணு எங்க இருக்குன்னு அளந்து இங்க போடுங்க. மூணடிக்குக் குறையாம கணு இல்லாத துண்டு இருந்தா பட்டை அறுக்கலாம், இல்லன்னா ராக்கருக்கு மட்டும் மரவாடியில புதுசா வாங்கிக்குங்க, பழசை கைப்பிடிக்கும் மேசைக்கும் வச்சிக்கலாம்.